40 புத்தகம், 4 லட்சம் பிரதி, 20,000 ரூபாய்: பாரதி போட்ட ‘பிசினஸ் பிளான்’ என்ன ஆனது?

பாரதியார் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? முண்டாசு, முறுக்கு மீசை, பள்ளி ஆண்டு விழா. கொஞ்சம் யோசித்தால் வறுமை, யானை, சின்ன வயதிலேயே வந்த மரணம். அவ்வளவுதான்.

ஆனால், 1920 ஜூன் மாதம் இதே பாரதி எட்டயபுரத்தில் உட்கார்ந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினார். விஷயம் கவிதை இல்லை, கணக்கு. எத்தனை புத்தகம் போடப் போகிறோம், ஒவ்வொன்றிலும் எத்தனை பிரதி, ஆரம்பச் செலவு எவ்வளவு, கடன் கொடுப்பவருக்கு என்ன வட்டி, எத்தனை வருடத்தில் விற்றுத் தீரும் என எல்லாம் அதில் இருந்தது. இன்றைய ஸ்டார்ட்-அப் பாஷையில் சொன்னால் அது ஒரு ஃபண்டிங் பிட்ச்.

பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். ஆனால் அந்தத் திட்டத்தின் கதை அங்கே முடியவில்லை. ஒரு நிறுவனத்துக்கு மிஷன், விஷன், ஸ்ட்ராட்டஜி ஏன் தேவை, அதில் எது தோற்றாலும் எது பிழைக்கும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைப்பது கஷ்டம். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதல்ல அந்த மூணு வார்த்தை

ஆஃபீஸ் டவுன்ஹால் மீட்டிங்கில் இந்த மூன்றும் ஒரே ஸ்லைடில் வரும். பாதிப் பேர் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

மிஷன் என்பது, நாம் எதற்காக இருக்கிறோம் என்ற கேள்விக்கான பதில். தினமும் செய்கிற வேலையின் காரணம் அது.

விஷன் என்பது, எல்லாம் சரியாக நடந்தால் சில வருடங்கள் கழித்து உலகம் எப்படி இருக்கும் என்ற படம். போய்ச் சேர வேண்டிய ஊர் மாதிரி.

ஸ்ட்ராட்டஜி என்பது, அந்த ஊருக்கு எந்த வழியாகப் போவது, கையில் இருக்கும் காசில் எதைச் செய்வது, எதை விடுவது என்ற முடிவு. பஸ்ஸா, ரயிலா, நடையா என்பது மாதிரி.

ஊர் ஒன்றுதான். வழி மாறலாம். வழி அடைபட்டால் ஊரே இல்லை என்று நினைத்துவிடுவதுதான் நிறைய நிறுவனங்கள் செய்கிற தப்பு. பாரதியின் வாழ்க்கையில் வழி அடைபட்டது ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஆலை வைத்து நொடித்த அப்பா

சுப்பிரமணியன் என்கிற சுப்பையா பிறந்தது 1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில். அப்பா சின்னசாமி ஐயர். கணக்கிலும் இயந்திரங்களிலும் ஆர்வம் உள்ளவர். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்றைத் தொடங்கினார். அது நஷ்டத்தில் முடிந்தது. சொத்து போனது. 1898-ல் அவரும் காலமானார். பையனுக்கு அப்போது 15 வயது, கல்யாணம் ஆகி ஒரு வருடம்.

இந்த நஷ்டம் பாரதியின் மனதில் நெடுநாள் இருந்தது. பிற்பாடு எழுதிய தன்வரலாற்றுக் கவிதையில் அப்பாவின் வீழ்ச்சியை அவர் பதிவு செய்திருக்கிறார். தொழில் என்றால் என்ன, கடன் என்றால் என்ன என்று தெரியாமல் கனவில் மிதந்த கவிஞர் என்று அவரைப் பற்றி ஒரு பிம்பம் உண்டு. அது முழு உண்மை இல்லை. தொழில் நொடித்துப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பள்ளி வயதிலேயே பார்த்தவர் அவர்.

அப்பாவுக்குப் பிறகு காசியில் அத்தை வீடு, திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனை வேலை, 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியர் பணி. அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து ஜி.சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கேதான் பத்திரிகைத் தொழில் கற்றுக்கொண்டார்.

நாலு விதமான சந்தா

1906 மே மாதம் சென்னையில் இந்தியா வார இதழ் தொடங்கியது. பணம் போட்டது மண்டயம் குடும்பத்தார். எழுத்துப் பொறுப்பு பாரதிக்கு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களை அந்த இதழ் தன் கொள்கையாகவே அச்சிட்டது. இன்று கம்பெனி வெப்சைட்டில் போடுகிற மிஷன் வரியை அன்று பத்திரிகையின் முகப்பில் போட்டிருக்கிறார்கள்.

அந்த மிஷன் சும்மா அலங்காரத்துக்கு இல்லை என்பதற்கு ஆதாரம் சந்தா விகிதம். அரசாங்கங்களுக்கு 50 ரூபாய். ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15 ரூபாய். மற்ற எல்லாருக்கும் 3 ரூபாய். ஒரே பத்திரிகை, நாலு விலை. சமத்துவம் என்ற சொல்லை விலைப் பட்டியலாக மாற்றியிருக்கிறார்கள், இல்லையா?

இன்னொரு முடிவும் முக்கியம். இந்தியா இதழ் அரசியல் கார்ட்டூன்களைப் பெரிதாக வெளியிட்டது. தமிழ் இதழியலில் கார்ட்டூனுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். காரணம் எளிது. அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே ரொம்பக் குறைவு. 1921 கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் படிப்பறிவு இருந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் போக வேண்டும் என்றால் படம்தான் வழி.

இதே நேரத்தில் தூத்துக்குடியில் அவருடைய நண்பர் வ.உ.சிதம்பரம் பிள்ளை ஒரு பெரிய நிறுவனத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கம். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாரதியின் பத்திரிகை அதற்கு ஆதரவு திரட்டியது. எதிரே இருந்த பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, இலவசப் பயணம் வரைக்கும் இறங்கியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. சரியான நோக்கம் மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது என்பதைப் பாரதி இரண்டாவது தடவையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

எல்லை தாண்டிய அச்சு இயந்திரம்

1908 ஆகஸ்ட்டில் அரசு இந்தியா இதழ் மீது கை வைத்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகி இருந்த எம்.சீனிவாசன் கைதானார். அடுத்து பாரதிதான் என்ற நிலை. நண்பர்கள் சொல்லி அவர் புதுச்சேரிக்குக் கிளம்பினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் பிரிட்டிஷ் போலீஸ் நேரடியாக உள்ளே வந்து கைது செய்ய முடியாது.

அந்த ஆண்டு அக்டோபரிலேயே இந்தியா இதழ் புதுச்சேரியில் இருந்து மறுபடி வெளிவர ஆரம்பித்தது. அச்சு இயந்திரமும் சென்னையில் இருந்து வந்து சேர்ந்தது. ஊர் புதிது, சட்டம் வேறு, ஆனால் பத்திரிகை அதேதான். விஜயா என்ற நாளிதழ், சூரியோதயம், கர்மயோகி என்று அடுத்தடுத்து இதழ்களிலும் அவர் கை இருந்தது. இன்றைய வார்த்தையில் சொன்னால், ரெகுலேஷன் இறுகியதும் ஆபரேஷனை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் இந்த ஸ்ட்ராட்டஜியில் ஒரு ஓட்டை இருந்தது. அச்சகம் பிரெஞ்சு எல்லைக்குள் பத்திரமாக இருந்தது. வாசகர்கள்? பெரும்பாலும் பிரிட்டிஷ் எல்லைக்குள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே பாலம், தபால். எல்லைக்கு இந்தப் பக்கம் பத்திரிகை வரக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்ததும் எல்லாம் நின்றது. 1910 மார்ச்சில் இந்தியா இதழ் முடங்கியது. மற்றவையும் நிலைக்கவில்லை.

கவனியுங்கள், பத்திரிகை மோசமானதால் நிற்கவில்லை. வாசகர்கள் கைவிட்டதாலும் இல்லை. விநியோகத்துக்கு ஒரே வழியை நம்பி இருந்ததுதான் பிரச்சினை. ஒரே ஆப் ஸ்டோரை, ஒரே பெரிய கிளையன்டை நம்பி நடக்கிற கம்பெனிகளுக்கு இது நன்றாகப் புரியும்.

கருவடிக்குப்பம்: வேலை போன பிறகு நடந்த வேலை

27 வயதில் பாரதியிடம் பத்திரிகை இல்லை. நிரந்தர வருமானம் இல்லை. வாசலில் ஒற்றர்கள். ஊருக்குத் திரும்பினால் சிறை. மனைவி செல்லம்மா, இரண்டு பெண் குழந்தைகள். அடுத்த எட்டு வருடங்கள் இப்படித்தான் போயின.

கருவடிக்குப்பம் கதைக்குள் வருவது இங்கேதான். இன்று புதுச்சேரி நகரத்தோடு ஒட்டிப்போன குடியிருப்புப் பகுதி அது. அன்று நகரச் சந்தடியை விட்டுத் தள்ளி, மரங்களும் தோப்புகளுமாக இருந்த இடம். அங்கே உள்ள சித்தானந்த சுவாமி கோயிலுக்குப் பாரதி போய்வருவார். அந்தக் கோயிலைப் பற்றிப் பாடியும் இருக்கிறார். பக்கத்துத் தோப்பைத்தான் குயில் பாட்டு பிறந்த இடம் என்று புதுச்சேரிக்காரர்கள் காட்டுவார்கள். குயில் தோப்பு என்ற பெயரே அப்படி நிலைத்தது.

பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் புதுச்சேரிக் காலத்தில்தான் வெளிவந்தது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, கீதை மொழிபெயர்ப்பு எல்லாமே இந்த ஊரில் உருவானவை. அரவிந்தரும் வ.வே.சு.ஐயரும் 1910-ல் புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். கனகசுப்புரத்தினம் என்ற உள்ளூர் இளைஞர் பாரதியிடம் வந்து சேர்ந்து, பின்னாளில் பாரதிதாசன் ஆனார்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது பாஞ்சாலி சபதத்தின் முன்னுரை. எளிய சொல், எளிய நடை, சுலபமாகப் புரியும் சந்தம், ஜனங்களுக்குப் பிடித்த மெட்டு. இவற்றில் காவியம் செய்து தருகிறவர் தமிழுக்குப் புது உயிர் கொடுப்பவர் என்ற கருத்தை அதில் அவர் வைக்கிறார். ஓரிரு வருடம் படிக்கப் பழகியவருக்கும் பொருள் விளங்க வேண்டும், அதே நேரத்தில் காவியத்துக்கு உரிய நயமும் குறையக் கூடாது என்பதும் அதில் உண்டு.

ஒரு பிராடக்ட் டீமுக்கு இதைவிடத் தெளிவாக மிஷன் எழுத முடியுமா? யாருக்காக எழுதுகிறோம், அவர்களுக்கு என்ன தடை, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என மூன்றும் அதில் இருக்கின்றன. 1906-ல் அரசியல் விடுதலை என்று தொடங்கிய நோக்கம், புதுச்சேரியில் இன்னும் அகலமாகி, தமிழில் எழுதியது எல்லாத் தமிழருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஆனது. தொழில் செய்ய வழியே இல்லாத வருடங்களில்தான் அந்தத் தெளிவு வந்தது என்பதுதான் ஆச்சரியம்.

1920: அந்தச் சுற்றறிக்கை

1918 நவம்பரில் புதுச்சேரி வாழ்க்கையை முடித்துக்கொண்டு எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது. சில வாரம் சிறை. டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலை. செல்லம்மாவின் ஊரான கடையத்தில் குடியேறினார்.

பெட்டி நிறையக் கையெழுத்துப் பிரதிகள். அச்சில் வந்தது கொஞ்சம்தான். இதை வைத்துத்தான் 1920-ல் திட்டம் போட்டார்.

அதன் சுருக்கம் இதுதான். மொத்தம் 40 புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பதிப்பு 10,000 பிரதிகள். ஆக 4 லட்சம் பிரதிகள். விலை எட்டணா, அதாவது அரை ரூபாய். ஆரம்பச் செலவு 20,000 ரூபாய். அதைக் கடனாகக் கேட்டார், ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாய். ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு எழுதித் தருவதாகவும், மாதம் 2 சதவீத வட்டி தருவதாகவும் சொன்னார். எளிமையான நடை, குறைந்த விலை, தன் பெயருக்குத் தமிழ்நாட்டில் இருந்த மதிப்பு ஆகியவற்றை வெற்றிக்கான காரணங்களாகக் காட்டினார். ஓரிரு வருடத்தில் எல்லாம் விற்றுவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

விஷன்? மண்ணெண்ணெய் மாதிரி, தீப்பெட்டி மாதிரி தன் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்பது. இந்த உவமையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நூலகத்தை அவர் சொல்லவில்லை. அரண்மனையைச் சொல்லவில்லை. ஏழை வீட்டிலும் கண்டிப்பாக இருக்கும் இரண்டு பொருள்களைச் சொன்னார். பெட்டிக்கடையில் கிடைக்கும், தீர்ந்தால் திரும்ப வாங்குவோம், இரண்டும் வெளிச்சத்துக்கானவை. எத்தனை ஸ்லைடு போட்டாலும் இவ்வளவு தெளிவாக ஒரு விஷனைச் சொல்வது கஷ்டம்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

எல்லாப் பிரதியும் விற்றால் வருமானம் 2 லட்சம் ரூபாய். 20,000 போட்டு 2 லட்சம் என்றால் இன்றைய முதலீட்டாளருக்கும் கண் விரியும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சில கேள்விகள் வரும்.

முதல் கேள்வி, 20,000 ரூபாயில் 4 லட்சம் பிரதி அச்சிட முடியுமா? ஒரு பிரதிக்கு முக்கால் அணாவுக்குச் சற்று மேல்தான் வருகிறது. காகிதம், அச்சு, பைண்டிங், தபால் எல்லாவற்றுக்கும் அது போதாது. அப்படியானால் முதலில் சில புத்தகங்களைப் போட்டு, விற்ற பணத்தில் அடுத்ததைப் போட்டு என்று சுழற்சியில்தான் ஓட்ட முடியும். முதல் சில புத்தகங்கள் வேகமாக விற்கவில்லை என்றால் சக்கரம் நின்றுவிடும்.

இரண்டாவது, வட்டி. மாதம் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 20,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 4,800 ரூபாய். எட்டணா விலையில் 9,600 பிரதிகள் விற்றால்தான் வட்டிக்கே ஆகும். அதாவது ஒரு புத்தகத்தின் முழுப் பதிப்பும் கிட்டத்தட்ட வட்டிக்குப் போய்விடும், ஒவ்வொரு வருடமும்.

மூன்றாவது, 10,000 என்ற எண். தமிழில் பெரும்பாலான புத்தகங்கள் இன்றுகூடச் சில நூறில் தொடங்கி ஆயிரம், இரண்டாயிரம் பிரதிகள்தான் அச்சாகின்றன. அன்றைக்கு 10,000 என்பது கற்பனையா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1907-ல் சென்னையின் பிரபல வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் தேசபக்திப் பாடல்களில் மூன்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு வழங்கினார். அரசியலில் மிதவாதியாக இருந்த அவரே பாடலைக் கேட்டு மயங்கிச் செய்த வேலை அது. பாரதியின் மனதில் அந்த எண்ணிக்கை இருந்திருந்தால் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது இலவச விநியோகம். ஃப்ரீ யூசர் வேறு, காசு கொடுத்து வாங்குபவர் வேறு என்பது இன்று ஆப் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும்.

நான்காவதுதான் பெரிய விஷயம், கடை. தீப்பெட்டி வீட்டுக்கு வீடு போவதற்குக் காரணம் தீக்குச்சி மட்டும் இல்லை. மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, சந்தை, பெட்டிக்கடை என்ற ஒரு சங்கிலி அதன் பின்னால் இருக்கிறது. அன்று தமிழ்ப் புத்தகத்துக்கு அப்படி ஒரு சங்கிலி கிடையாது. பெரும்பாலும் விலாசம் எழுதிப் போட்டு வி.பி.பி. தபாலில் வரவழைக்க வேண்டும். 1910-ல் இந்தியா இதழை முடக்கிய அதே விநியோகப் பிரச்சினை, வேறு உருவத்தில் இங்கேயும் காத்திருந்தது.

இதோடு சூழ்நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சிறையில் இருந்து வந்தவர். போலீஸ் கண் அவர் மேலேயே இருந்தது. அவருக்குக் கடன் கொடுப்பது வட்டிக் கணக்கு மட்டும் இல்லை, துணிச்சலும் வேண்டும். குறைந்தபட்சத் தொகையான 100 ரூபாய் வீதம் வந்தால் அப்படிப்பட்ட 200 பேர் வேண்டும். கிடைக்கவில்லை.

1920 நவம்பரில் பாரதி சென்னைக்கு வந்து மறுபடி சுதேசமித்திரனில் வேலைக்குச் சேர்ந்தார். 16 வருடங்களுக்கு முன் தொடங்கிய அதே இடம். சில மாதங்கள் கழித்து திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது. அதில் இருந்து பிழைத்தாலும் உடல் நலிந்தது. 1921 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு இறந்தார். வயது 38. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகச் சிலரே.

திட்டத்தைக் கையில் எடுத்த செல்லம்மா

நிறுவனர் இல்லாமல் போனால் நிறுவனம் என்ன ஆகும்? ‘கீ பெர்சன் ரிஸ்க்’ என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. பாரதியின் திட்டத்தில் எழுதுபவர், பதிப்பிப்பவர், கடனுக்குக் கையெழுத்துப் போடுபவர் எல்லாம் ஒருவரே. அவர் போனதும் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காரணம் செல்லம்மா. பாரதி ஆசிரமம் என்ற பெயரில் 1922-லேயே சுதேச கீதங்களை வெளியிட ஆரம்பித்தார். கணவரை இழந்து, இரண்டு பெண்களோடு, கையில் காசு இல்லாத நிலையில் ஒரு பெண் பதிப்பகம் நடத்துவது அன்று எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். 40 புத்தகம், 10,000 பிரதி என்ற பிரம்மாண்டம் போய், கையில் இருப்பதை வைத்து ஒவ்வொன்றாகப் போடுவது என்று வழி மாறியது. ஊர் அதேதான்.

கடன் சுமை தாங்கவில்லை. பிறகு பாரதியின் தம்பி சி.விஸ்வநாதன், ஹரிஹர சர்மா உள்ளிட்டோர் நடத்திய பாரதி பிரசுராலயம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1928-ல் அரசு பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1931-ல் செல்லம்மா பதிப்புரிமையை 4,000 ரூபாய்க்குப் பாரதி பிரசுராலயத்துக்கு விற்றார்.

4,000 ரூபாய். பாரதி கேட்ட ஆரம்ப முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் சேர்த்து.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

அடுத்த சிக்கல் சினிமாவில் இருந்து வந்தது. பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவும் ஆன உரிமை 1934-ல் வெறும் 450 ரூபாய்க்கு ஒரு வியாபாரிக்குப் போயிருந்தது. 1946-ல் ஏவி.மெய்யப்ப செட்டியார் அதை 9,500 ரூபாய்க்கு வாங்கினார். மறு ஆண்டு வந்த ஏவி.எம்.மின் நாம் இருவர் படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. ஊர் முழுக்கப் பரவின.

டி.கே.சண்முகம் சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமைப் பிரச்சினை வெடித்தது. விவகாரம் சட்டத்துக்குப் போனது. வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்று ஒருவர் எழுதிய பாட்டைப் பாட இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கேட்டார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி.கே.சண்முகம் போன்றவர்கள் 1948-ல் பாரதி விடுதலைக் கழகத்தின் மூலம் இயக்கம் நடத்தினார்கள்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கும் முடிவை எடுத்தது. மெய்யப்ப செட்டியார் தன்னிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். விஸ்வநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். 1955-ல் அந்த உரிமை முழுமையாகப் பொதுமக்களுக்கே வழங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம், விற்கலாம். அனுமதி தேவையில்லை.

அதன் பிறகுதான் மலிவுப் பதிப்புகள் வரிசையாக வந்தன. விநியோகச் சங்கிலி இல்லை என்ற பழைய பிரச்சினைக்கு இப்படித்தான் விடை கிடைத்தது. ஒரு பதிப்பகம் எல்லாக் கடைக்கும் போய்ச் சேர முடியாது. எல்லாப் பதிப்பகமும் போடலாம் என்றால், கடை தானாகத் தேடி வரும். பாரதியின் சுற்றறிக்கையில் இல்லாத வழி இது. ஆனால் அவர் சொன்ன ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வழி இதுதான்.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கு?

டீம் லீட், சின்ன கம்பெனி ஓனர், என்.ஜி.ஓ. நடத்துபவர் என நீங்கள் யாராக இருந்தாலும், இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள நான்கு விஷயங்கள் உண்டு.

ஒன்று, விஷன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சந்தையில் முதலிடம் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. தீப்பெட்டி மாதிரி என்றால் அச்சகக்காரருக்கும் புரியும், கடைக்காரருக்கும் புரியும்.

இரண்டு, மிஷன் அன்றாட முடிவில் தெரிய வேண்டும். சமத்துவம் என்று முகப்பில் அச்சிட்ட பத்திரிகை ராஜாவிடம் 30 ரூபாயும் சாதாரண வாசகரிடம் 3 ரூபாயும் வாங்கியது. உங்கள் கம்பெனியின் மிஷன் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். விலையிலோ, லீவு பாலிசியிலோ, யாரை வேலைக்கு எடுக்கிறீர்கள் என்பதிலோ அது எங்காவது தெரிகிறதா?

மூன்று, செய்து முடிப்பதை மட்டும் இல்லை, கொண்டுசேர்ப்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். 1910-ல் தபால், 1920-ல் கடை. இரண்டு தடவையும் பாரதியிடம் சரக்கு இருந்தது, வழி இல்லை. பெரிய எண்ணில் தொடங்காமல் ஒன்றிரண்டு புத்தகத்தில் சோதித்துப் பார்த்திருந்தால் வட்டிச் சுமையும் குறைந்திருக்கும், எந்த ஊரில் யார் வாங்குகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும்.

நான்கு, நோக்கத்தை மற்றவர் எடுத்து நடத்தும் அளவுக்குத் தெளிவாக எழுதி வையுங்கள். செல்லம்மா, விஸ்வநாதன், பாடல் விடுதலைக்குப் போராடிய எழுத்தாளர்கள் என யாரும் பாரதியின் 40 புத்தகக் கணக்கைப் பின்பற்றவில்லை. யாருக்காக இந்த எழுத்து என்பதில் மட்டும் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. அதனால் ஆள் போன பிறகும், கணக்கு தப்பிய பிறகும் வேலை நடந்தது.

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. போகிறவர்கள் கருவடிக்குப்பம் வரைக்கும் ஒரு நடை போய்வரலாம். போகும் வழியில் போனிலேயே குயில் பாட்டைப் படிக்கலாம். எட்டணாகூடத் தேவையில்லை.